மல்லாந்து நடக்கும் புழு

என் அருமை மாப்பிள்ளை மாரிமுத்துவுக்கு,

நீ போன பிறகும் நமுனுகுல மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. விடியுமுன் ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கிறார்கள், எழுந்து வேலைக்கு ஓடுகிறோம். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி அழகம்மா, அழுது ஓய்ந்துவிட்டாள். இப்போது பசுவைத் திட்டுகிறாள், உன்னைத் திட்டிய அதே வார்த்தைகளில்.

அந்தப் பசு விஷயமாகத்தான் எழுதுகிறேன். தவறணை நாற்றங்காலில் தேயிலைக் கன்றுகளின் வேரை வெள்ளைப் புழு தின்றது நினைவிருக்கிறதா? லயத்து வீடுகளுக்குப் பின்னால் நம் சாணிக் குப்பையிலும் வெள்ளைப் புழு. அங்கிருந்துதான் நடந்து வருகிறது, மாட்டை விற்றுவிடுங்கள் என்றார் பெரிய கங்காணி. நீ குப்பையில் ஒன்றைப் பிடித்துச் சுளகில் போட்டாய். மல்லாந்தது. பாவம், விழுந்துவிட்டது என்று நிமிர்த்தினாய். மறுபடி மல்லாந்தது. நானும் நிமிர்த்தினேன். அந்தி சாயும்வரை இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு புழுவைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தோம்.

“இதுக்கு நடக்கவே தெரியல மச்சான். நம்ம மாடு தப்பிச்சிருச்சு” என்றாய். கங்காணியிடம் போய்ச் சொல்வதற்குள் காய்ச்சலில் படுத்துவிட்டாய்.

உன் காரியம் முடிந்ததும் நானே காட்டலாமென்று குப்பையில் ஒரு புழுவைப் பிடித்துச் சுளகில் விட்டேன். புழு மல்லாந்தது. நிமிர்த்தச் சோம்பல்பட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை, காலெல்லாம் ஆகாயத்தைப் பார்க்க, முதுகை நெளித்து நெளித்து, அது சுளகைத் தாண்டியே போய்விட்டது! அதன் நடையே அதுதான். நாம்தான் நடக்கவிடவில்லை.

“அப்ப மாடு போச்சாண்ணே?” என்றாள் அழகம்மா. பால் விற்றுத்தான் அவள் கூலி நிரப்பாத மிச்ச வயிற்றை நிரப்புகிறாள்.

“நடந்தா மட்டும் போதுமா, திங்க வேணாமா?” என்றேன். கங்காணியிடமே போய்த் தேயிலைக் கன்று கேட்டேன்.

“ஏண்டா, புழுவுக்கு விருந்தா?” என்று சிரித்தார். ஆனாலும் தந்தார்.

லயத்தில் கிடந்த தகர டின்களிலெல்லாம் மண் நிரப்பி, டின்னுக்கொரு கன்று நட்டேன். பாதியில் குப்பைப் புழு, பாதியில் தவறணைப் புழு. தவறணைப் புழுவைச் சுளகிலும் விட்டுப் பார்த்தேன். அது மல்லாந்து நடக்கவேயில்லை. பக்கவாட்டில் சுருண்டு கிடந்தது, மண்ணில் போட்டதும் உள்ளே புகுந்துகொண்டது. அது இருந்த டின்களில் கன்றுகள் வாடின. குப்பைப் புழு இருந்தவை தளிர்த்தன. வேறு வேறு வண்டுகளின் பிள்ளைகள் போல. தவறணைக்கு அது எப்படித்தான் வந்தது? தாய் வண்டு பறந்து வந்து முட்டையிட்டதோ? எனக்குத் தெரியவில்லை. உனக்கு அங்கே யாராவது சொன்னார்களா?

கங்காணி டின்களைக் கவிழ்த்து வேரையெல்லாம் பார்த்தார். “சரி, மாடு இருக்கட்டும். ஆனா தொரை கேட்டா நான் என்னத்த சொல்ல? குப்பைய ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிருங்க.”

“அம்புட்டுத் தூரம் யாருண்ணே சுமக்குறது?” என்றாள் அழகம்மா. கேள்வி பொதுவானது, பார்வை என் தலைமேல்தான் இருந்தது.

அவள் மாடு வைத்திருக்கும்வரை அந்தச் சாணியை நான் சுமக்கிறேன் மாப்பிள்ளை. இது வாக்கு.

இப்படிக்கு,
கூடையும் தலையுமாக,
உன் பெண்டாட்டியின் அண்ணன் கருப்பையா