வாங்க என்று சொல்லாத வீடு

அப்பா,

இன்று காலையும் வெங்காய வண்டி வந்தது. பாளையம்பட்டியில் நம் தெருமுனையில் நிறுத்திக்கொண்டு, பதிவு செய்த குரலையே ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறான் அந்த வண்டிக்காரன். "அம்மா வெளிய வாங்க, அக்கா வெளிய வாங்க, பெரிய வெங்காயம் வந்திருக்கு." அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் நினைவு வந்தது, அந்தச் சத்தத்துக்குப் பதறிப்போய்க் கதவைச் சாத்தச் சொல்ல வீட்டில் நீங்கள் இல்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கைதான் பழக்கத்தை விடமாட்டேன் என்கிறது.

உள்ளிருந்து அம்மா, "அவுக போயும் இந்தக் கூத்து போகலையே" என்றாள். இன்று வெங்காயம் இல்லாமல்தான் குழம்பு வைத்தோம்.

இலங்கையிலிருந்து நீங்கள் திரும்பி வந்தபோது எனக்கு ஆறு வயது. அமைதி காக்கப் போன படை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். ஊரில் வேறு மாதிரி சொன்னார்கள். திருச்சுழி பஸ்ஸிலிருந்து கறுப்புத் தகரப் பெட்டியோடு இறங்கினீர்கள். முன்பெல்லாம் லீவில் வந்தால் பெட்டியைத் தூக்க நாலு பேர் ஓடிவருவார்கள், பெட்டிக்குள் பாட்டில் இருக்கிறதா என்று கேட்க எட்டுப் பேர் ஓடிவருவார்கள். அன்று டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் டீ கிளாசைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"என்னப்பா, நம்ம சனத்துல எத்தனை பேரைச் சுட்ட?"

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தீர்கள். நான் பின்னாலேயே ஓடிவந்தேன், உங்கள் நடைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கப்பலில் வந்து இறங்கிய இடத்திலும் உங்களையெல்லாம் வரவேற்க இங்கே ஆட்சியில் இருந்தவர்கள் வரவில்லை என்று பின்னால் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். மொத்தத்தில் அம்மா ஒருத்திதான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்று "வாங்க" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோல நீங்கள் நின்றுவிட்டீர்கள். தட்டிலிருந்த சூடம் அணைந்தே போனது.

அன்றிலிருந்து நீங்கள் யாரையும் வாங்க என்று சொன்னதில்லை. நம் ஊர்ப் பக்கமெல்லாம் ஜென்மப் பகையாளி வாசலில் வந்து நின்றாலும் முதலில் வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். வீட்டுக்காரன் வாயால் அதைச் சொல்லாவிட்டால் செருப்பால் அடித்ததற்குச் சமம். நீங்கள் எழுந்து நிற்பீர்கள், கும்பிடுவீர்கள், நாற்காலியைத் துடைத்துப் போடுவீர்கள், செம்பில் தண்ணீர்கூட நீங்களே கொண்டுவந்து கொடுப்பீர்கள். வந்தவர்களுக்கு நாற்காலியா கண்ணில் பட்டது? வாயைத்தான் பார்த்தார்கள். "பட்டாளத்துத் திமிரு" என்றார்கள். உங்களோடு கூடப் பிறந்த அத்தையே நம் வீட்டுப் படி மிதிப்பதை விட்டுவிட்டாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்பீர்கள். "வாம்மா" என்று ஒரு நாள் சொன்னதில்லை. மற்ற வீட்டு அப்பாக்கள் சொல்வதைக் கேட்டு நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஊர்ப் பேச்சு தாங்காமல்தான் இங்கே குடிவந்தோம். பஞ்சாலையில் வாட்ச்மேன் வேலை உங்களுக்கென்றே செய்துவைத்தது மாதிரி அமைந்தது. கார் வந்தால் கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தால் போதும், வாயைத் திறக்கிற வேலையே இல்லை.

எனக்கு இருபத்து மூன்று வயதானபோது மல்லாங்கிணற்றிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் காரியாபட்டியில் மருந்துக்கடை வைத்திருந்தார். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது, இதை இன்று உங்களிடம் சொல்வதற்கென்ன. அம்மா ஒரு வாரமாக உங்களைக் கெஞ்சினாள். "ஒரே ஒரு வார்த்தை. பிள்ளைக்காகச் சொல்லிருங்க." நீங்களும் தலையாட்டினீர்கள். கொல்லையில் துவைக்கிற கல் பக்கம் நின்றுகொண்டு தனியாகச் சொல்லிப் பார்த்ததை நான் கேட்டேன். "வா" என்று தொடங்கும், அப்புறம் இருமல் வந்துவிடும்.

வேனிலிருந்து அவர்கள் இறங்கினார்கள். தேய்த்த வெள்ளைச் சட்டையோடு நீங்கள் வாசலில் கைகூப்பி நின்றீர்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தது. சொல் வரவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு காலைப் படியில் வைத்தபடியே நின்றார்.

"வீட்டுக்காரரு வாயத் தொறக்க மாட்டாரோ?"

அம்மா ஓடினாள். "வாங்க வாங்க, உள்ள வாங்க. அவுகளுக்குத் தொண்டை கட்டிருக்கு, அதான்."

அவர் உங்களைத்தான் பார்த்தார். "அப்படியாங்க?"

"இல்லீங்க. தொண்டைக்கு ஒண்ணுமில்ல" என்றீர்கள் கணீரென்று.

அந்தப் பொய்யையாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, அப்பா? பெரியப்பா படியிலிருந்து காலை எடுத்தார். வேன் திரும்பிப் போனது. தட்டில் வைத்த காராச்சேவு வைத்தபடியே இருந்தது. "வாங்கன்னு சொன்னா வாயில இருந்து முத்தா கொட்டிரும்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு இரண்டு இடம் பேச்சோடு நின்றது. வாங்க சொல்லாத வீடு என்று பேராகிவிட்டது. அப்புறம் யாரும் வரவில்லை.

மறுநாள் நான் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"அங்க எங்க ஆளுகள்ல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். கையில ஒலிபெருக்கியக் குடுத்து, வீட்டுக்குள்ள இருக்குறவுகள வெளிய கூப்பிடச் சொன்னாக. அம்மா, அய்யா, பயப்படாம வெளிய வாங்க, ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்னு கூப்பிட்டேன். நம்ம பேச்சக் கேட்டதும் நம்பிக் கதவத் தொறந்தாகம்மா. முதல்ல ஒரு பொம்பள வந்துச்சு. அது கையப் பிடிச்சுக்கிட்டு அப்ப உன் வயசுல ஒரு பிள்ள. அந்தப் பொம்பள 'நீங்கள் தமிழோ?'ன்னு கேட்டுச் சிரிச்சுச்சு. முத வெடி எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கதவத் தொறக்காம உள்ளயே கெடந்தவுக பொழச்சுக்கிட்டாக. நான் கூப்பிட்டு வந்தவுகதான்…"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். உங்களை அங்கே அனுப்பியவர்கள் மேலா, டீக்கடையில் கேட்டவர் மேலா, என் வாழ்க்கையின் குறுக்கே வந்து நிற்கிற அந்தச் சின்னப்பெண் மேலா? இன்றைக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் தீரவில்லை.

கடைசியில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தீர்கள். பழைய வருத்தத்தை விட்டுவிட்டு ஊரிலிருந்து ஒரு ஆட்டோ நிறைய ஆட்கள் பார்க்க வந்தார்கள். கதவு திறந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கத்தினீர்கள். "வராதீங்க! உள்ளயே இருங்க! நான் கூப்பிட்டாலும் வராதீங்க!" அந்த வராந்தாவே அதிர்ந்தது. ஒலிபெருக்கியில் கூப்பிட்டது இந்தக் குரலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர்கள் ஆரஞ்சுப் பழப் பையை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். "சாகப்போற நேரத்துலயும் அந்தத் திமிரு எறங்கலையே" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே படி இறங்கினார். ஓடிப்போய்க் காரணத்தைச் சொல்லலாம் என்று எழுந்தேன். யார் நம்புவார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் உங்களை வீட்டுக் கூடத்தில் கிடத்தினோம். சாவு வீட்டில் வருகிறவர்களை யாரும் வாங்க என்று சொல்வதில்லை, போகிறவர்களும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஊரே வந்தது. அத்தை வந்தாள். வாசலில் ஒரு நொடி நின்று நம் வாயைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நேரே உள்ளே வந்தார்கள், அழுதார்கள், எழுந்து போனார்கள். எவர் மனமும் கோணாமல் நம் வீட்டுக்குள் அத்தனை பேர் நுழைந்த ஒரே நாள் அதுதான். அதைப் பார்த்துத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

இப்போது எனக்கு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. சிரிக்காதீர்கள், வாசலில் நின்று கைகூப்பி வாங்க சொல்கிற வேலைதான். எனக்கு நன்றாகவே வருகிறது என்று முதலாளி மற்ற பெண்களிடம் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள், அவள் கையைப் பிடித்தபடி ஆறு வயதிருக்கும் ஒரு பிள்ளை. "வாங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்து வந்தவர்களைக் கூப்பிடவில்லை. அவர்கள் ஏறிப்போன மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் வந்து திட்டியது காதில் விழுந்தது, நகர முடியவில்லை. வெகுநேரம் கழித்து இரண்டு பேரும் பையோடு இறங்கி வந்தார்கள். ரோட்டைத் தாண்டி, காரியாபட்டி பஸ் ஏறி, அந்தப் பிள்ளையின் தலை ஜன்னலில் தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தினமும் இப்படித்தான் இருக்கிறது, அப்பா. நான் கூப்பிட்டு உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பிப் போவதைப் பார்க்கிறேன். நீங்கள் கூப்பிட்டு வந்த அந்த இரண்டு பேர் மட்டும் போகாமல் நிற்கிறார்கள்.