வந்து போகலாம்

மார்ச் 3

என் கண்ணான பேத்திக்கு,

எல்லாரும் நலம். துப்பாக்கிச் சத்தம் கேட்காத நாளை நலம் என்றுதான் எழுதுகிறோம். உன் தம்பி பரீட்சையில் முதலாவதாக வந்திருக்கிறான். உன் மாமாவின் பெரியவன் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டான். சின்னவள் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினாள். இந்த ஊரில் ஓடப் பழகாதவர் யார்? எல்லாருக்கும் மேலே நீ. சண்டையை நிறுத்த வந்த வெளிநாட்டுக் குழுவுக்கே மொழிபெயர்ப்பாளர். "என் பேத்தி வாயத் திறந்தாத்தான் ரெண்டு பக்கமும் பேசிக்க முடியும்" என்று பால் வாங்கும் வரிசையில் சொல்லிவிட்டேன்.

நம் பக்கத்துக்காகப் பேச உன் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு கரையிலும் குழாய் ரிப்பேர் செய்தவன், எல்லாருக்கும் தெரிந்தவன் என்று. பாலம் தாண்டி ராணுவம் இருக்கும் பக்கம் போக வேண்டும். உன் மாமி, "வேண்டாம் அத்தை, புடிச்சு வெச்சுக்குவாங்க" என்று அழுகிறாள். நீ ஒரு வார்த்தை எழுது. நீ சொன்னால் அனுப்புகிறேன்.

ஆசிகளுடன்,
பாட்டி

மார்ச் 9

அன்புள்ள பாட்டிக்கு,

பயமே வேண்டாம். மாமா தைரியமாக வந்து போகலாம். அவர் பாதுகாப்புக்கு இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. நான் சொன்னதாக மாமியிடம் சொல்லுங்கள்.

முத்தங்களுடன்,
உங்கள் பேத்தி

மார்ச் 21

பேத்திக்கு,

உன் மாமா போனான், பேசினான். திரும்பும்போது பாலத்தின் மேல் ராணுவத்தார் உங்கள் குழுவின் வெள்ளை வண்டியை மறித்து அவனை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி ஓட்டுநர் வந்து சொன்னார். நீயும் பின் சீட்டில் இருந்தாயாம். ஒன்றுமே பேசவில்லையாம். உண்மையா?

பாட்டி

மார்ச் 30

அன்புள்ள பாட்டிக்கு,

உண்மைதான். ஒப்பந்தத்தில் 'வருவதற்குப் பாதுகாப்பு' என்று மட்டும் இருக்கிறது. 'திரும்புவதற்கு' என்று சேர்க்க ராணுவம் சம்மதிக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் பேச்சுவார்த்தையே நடக்காது என்று எங்கள் குழுத் தலைவர் அந்தச் சொல்லை விட்டுவிடச் சொன்னார். வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நாங்கள் நடுநிலை, பாட்டி. சண்டை நின்றிருக்கிறதே, அதையும் பாருங்கள்.

உங்கள் பேத்தி

ஏப்ரல் 6

பேத்திக்கு,

அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு உன் கடிதம் ஒரு தடவையில் ஏறவில்லை. திரும்பப் படித்தேன்.

வாசல் தாண்டுகிறவன் 'போறேன்' என்று சொல்லாத மொழி நம்முடையது. உன் மாமாவும் "போய்ட்டு வரேம்மா" என்றுதான் செருப்பை மாட்டினான். அந்த 'வரேன்' காகிதத்தில் இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தே எனக்கு 'வந்து போகலாம்' என்று எழுதினாய். அதை உன் தலைவரா எழுதினார்? உன் எழுத்தை மாமியிடம் காட்டி, அவன் சட்டையைப் பிடித்திருந்த அவள் கையை நான்தான் விலக்கினேன்.

சண்டை நின்றது நிஜம். பால் வருகிறது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். மாமி என்னோடு பேசுவதில்லை.

உங்கள் குழு சிறைக்குள் போய் அவனைப் பார்த்துவிட்டு வருகிறதாம், ஓட்டுநர் சொன்னார். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. உன்னுடையது வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமாவின் அம்மா