பழுக்கட்டும் என்று இருந்தேன்

12.6.2002

இன்றும் மேட்டூர் திறக்கவில்லையாம், ரேடியோவில் சொன்னார்கள். இங்கே வந்து பத்து நாளாகிறது.

தம்பி ரெமிஜியஸ் கனடாவில் சம்பாதித்துக் கட்டின வீடு. கீழே நாலு, மேலே நாலு அறை. குடியிருக்க ஆள் இல்லை. ரிடையரான அக்காவைக் காவலுக்கு வைத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி ஆஷ்லின் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன தாளில் பதினேழு கட்டளை. மோசேக்கே பத்துதான். சனிக்கிழமைதோறும் ஐந்து பாத்ரூம் குழாயையும் திறந்துவிட வேண்டும். சோபாவின் பிளாஸ்டிக் உறையை எடுக்கக் கூடாது. உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்கிறது. நான் பிளாஸ்டிக் நாற்காலியோடு சரி.

எனக்கு என்ன குறை? முப்பத்து நாலு வருஷம் பிரசவ வார்டில் ராவும் பகலும் ஓடினேன். ரிடையர் ஆனதும் படிக்கலாம் என்று வாங்கி வாங்கிப் போட்ட புத்தகம் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் படிக்க வேண்டும். ஏதாவது எழுதவும் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் ஆண்டவரே, இதை மட்டும் குடு.

30.6.2002

பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வளையம். வலது கண்ணில் எப்போதும் புகை. இரண்டு வருஷமாகவே உண்டு. புரைதான். அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. ‘பழுக்கட்டும்’ என்று நாலு வருஷம் இருந்தார். பழுத்ததும் எடுத்தார்கள், பத்தே நாளில் பேப்பர் படித்தார். காயாக இருக்கும்போது கத்தி வைக்கக் கூடாது என்று நானே எத்தனை கிழவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! ரெமிஜியஸ் அடுத்த கோடைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

முதல் பெட்டியில் மூன்றாவது புத்தகம் ஓடுகிறது.

21.7.2002

நிலைப்படியில் இடித்து நெற்றி வீங்கியிருக்கிறது. இந்த வாரத்தில் இரண்டாவது தடவை.

பெருக்க வருகிற குந்தவை பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அவள் பேசினதும் தூக்கிவாரிப்போட்டது. “என்ன நர்சம்மா, பேயப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க? எம்மா நேரமா இங்கதான நிக்கிறேன்” என்கிறாள். நடவுக்குப் போகிறவள். தண்ணீர் இல்லை, நடவும் இல்லை. அதனால்தான் இந்த வீட்டுத் துடைப்பத்தைப் பிடித்திருக்கிறாள். நாக்கு மட்டும் நடவு வயலிலேயே இருக்கிறது. அப்படி ஒரு சத்தம்.

15.8.2002

மாதா பரலோகத்துக்கு எழுந்த திருநாள். பூசைக்குப் போய் வந்தேன்.

படிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய ஆஸ்பத்திரி அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீளமாக வெட்டிப் பக்கத்தின் மேல் வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் வரி முடிந்ததும் அடுத்த வரியின் தலை அகப்படுவதில்லை. ஒரு நாளைக்கு ஆறு பக்கம்தான். ஆனால் — இதை யாரிடம் சொல்ல? — இப்படி நான் படித்ததே இல்லை. டியூட்டி ரூமில் ஒரு காதை வார்டில் வைத்துக்கொண்டு கதை என்ன ஆயிற்று என்று ஓடினவள் நான். இன்று ஒரு பெண் கிணற்றடியில் குடத்தை வைக்கிற வரியில் அரைமணி நேரம் நின்றேன். குடம் வைக்கிற சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிறேன்.

9.9.2002

மூன்று பக்கம். தலைவலி.

4.10.2002

தஞ்சாவூர் கண் டாக்டர். சின்னப் பையன், என் கையில் பிறந்திருந்தாலும் பிறந்திருப்பான். நெடுநேரம் பார்த்தான். புரை இல்லையாம். கண்ணுக்குள் நீரழுத்தமாம், குளுக்கோமா. வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடதில் நடுவில் ஒரு வட்டம் மட்டும் பாக்கி.

“ஏம்மா, நீங்க நர்ஸ்தானே? ரெண்டு வருஷம் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

பழுக்கட்டும்னு இருந்தேன்னு சொன்னேன். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தான். காப்பாற்ற முடியுமா என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றான். அந்தப் ‘பாக்கலாம்’ எனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருஷம் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

5.10.2002

முட்டாள். முட்டாள். நீயெல்லாம் ஒரு நர்ஸ்!

20.10.2002

ஞாயிறு. ரெமிஜியஸ் போன் செய்தான். “நல்லாப் படிக்கிறியாக்கா?” என்றான். நல்லாப் படிக்கிறேன் என்றேன். கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் வீட்டை விட்டுக் கிளப்பிவிடுவான். மறுபடி கும்பகோணத்துப் பழைய வாடகை அறை, மேலே ஆட்கள், கீழே டவுன் பஸ். பாக்கி இருக்கிற வெளிச்சத்தை அங்கே செலவழிக்க முடியாது.

எங்கள் வயலைக் குத்தகைக்குச் செய்கிற இராஜாங்கம் வந்திருந்தார். எப்படியோ விஷயம் தெரிந்திருக்கிறது. குந்தவைதான், வேறு யார்? தண்ணீரைத் தாமதமாக விட்டதைப் பற்றிப் பொரிந்து தள்ளினார். “நாத்தெல்லாம் காஞ்சப்புறம் முறை வச்சுத் தண்ணி விடுறானுவ. கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்...” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். மனுஷர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போனார்.

2.11.2002

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவர்த்தி வைத்தோம். குந்தவை என் கையைப் பிடித்துத் தீக்குச்சியைத் திரியில் சேர்த்தாள்.

6.12.2002

எவனோ தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பட்டப்பகலில், பத்தடி தூரத்தில், நான் பின்வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது.

ஸ்பானர் சத்தம் கேட்டது. தலையைத் தூக்காமலே “இராஜாங்கமா?” என்றேன். “ஆமா நர்சம்மா” என்றான். “வாஷர் போயிடுச்சா?” என்றேன். “ஆமா நர்சம்மா, கடைக்கு எடுத்துட்டுப் போறேன்” என்றான். சரி பாத்துப் போங்கன்னு வழியனுப்பினேன்! நான்தான் வழியனுப்பினேன்!

சாயங்காலம் நிஜ இராஜாங்கம் வந்து, “மோட்டார் எங்க நர்சம்மா?” என்று கேட்டார்.

8.12.2002

ஞாயிறு. மறைக்க வழி இல்லை, ரெமிஜியஸிடம் எல்லாம் சொன்னேன்.

“ஏங்க்கா முன்னாடியே சொல்லல?” என்று அழுதான். நிஜமாகவே அழுதான். பிறகு ஆஷ்லின் போனை வாங்கினாள். “அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வீட்டுக்குக் காவலா, உங்களுக்கு ஒரு காவல் வைக்கணுமா?” கேட்ட விதம் சரியில்லை, கேள்வி சரிதான். கனடாவுக்குக் கூட்டிப்போக விசா, இன்சூரன்ஸ் என்று என்னென்னவோ சொன்னார்கள். நான் கேட்கவே இல்லையே. பிப்ரவரியில் ஆஷ்லினின் சித்தப்பா மகன் ஜோஸ்வா காவலுக்கு வருகிறான். எனக்குத் தஞ்சாவூரில் சிஸ்டர்கள் நடத்துகிற முதியோர் இல்லம்.

இரண்டு மாதம். முதல் பெட்டியே முடியவில்லை.

3.1.2003

இன்று அட்டையை வைத்தேன். வரி தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. கறுப்பாக ஏதோ எறும்பு ஊர்கிறது. வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கிணற்றடியில் குடம் வைத்த பெண் ஊருக்குத் திரும்பினாளா என்று தெரியவில்லை. இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.

இரண்டாவது பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். பைத்தியம்.

9.1.2003

குந்தவைக்குப் படிக்கத் தெரியும்! அறிவொளி வகுப்பில் கற்றாளாம், பஸ் போர்டு மட்டும் படிப்பாளாம். அந்த நாற்பது பக்கத்தை நீட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு மணி நேரத்தில் பாதிப் பக்கம் படித்தாள். வேர்த்துவிட்டது அவளுக்கு. “இதுக்கு ஒரு குழி நெலத்துல நாத்து நட்டுட்டு வந்துருவேன் நர்சம்மா” என்றாள். முடியாது. அவளுக்கும் நாள் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அவளையும் கூப்பிடுகிறான்.

14.1.2003

போகி. சம்பா முழுக்கப் பதராகிவிட்டது, மாட்டை விட்டு மேய்த்துவிட்டதாக இராஜாங்கம் சொன்னார். அவர் இப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

நாளை ரெமிஜியஸுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அவனைப் பெற்ற அன்றே அம்மா செத்தாள், எனக்கு அப்போது பதின்மூன்று. நான்தான் வளர்த்தேன் என்று ஊரே சொல்லும். தியாகி என்று சொல்லும். சொல்லட்டும்.

அந்த நாளைப் பற்றி ஒன்று இருக்கிறது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் சொல்லாதது. படிக்கத்தான் முடியாது, எழுதலாமே. அட்டையில் வரிக்கு வரி நூல் கட்டித் தந்திருக்கிறாள் குந்தவை. நூலைத் தடவிக்கொண்டே எழுத வருகிறது, இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். எழுதி முடித்து, தாள்களைக் கிழித்துக் கனடாவுக்கு அனுப்பிவிடப் போகிறேன். படித்துவிட்டு அவன் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். இதையாவது முடிக்காமல் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன்.

3.2.2003

இது குந்தவையின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி எழுதுகிறாள். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

பத்தொன்பது நாள் எழுதினேன். தினமும் காலையில் ஒரு பக்கம், சில நாள் இரண்டு. நேற்று முடிந்தது. இன்று தபாலில் போடுவதற்குமுன் ஒரு தடவை படித்துக் காட்டு என்று நோட்டைக் குந்தவையிடம் கொடுத்தேன். அவள் புரட்டிக்கொண்டே இருந்தாள். “என்னடி, படியேன்” என்றேன். “நர்சம்மா, பொங்கலுக்கு மொத நாளோட நிக்குது. மத்ததெல்லாம் வெறும் தாளு” என்றாள்.

பேனாவில் மை தீர்ந்திருக்கிறது. எத்தனையாவது வரியில் என்றுகூடக் கேட்டேன். முதல் பக்கத்தில் இரண்டு வார்த்தை விழுந்திருக்கிறதாம். “தம்பி ரெமிஜியஸ்” என்று.

அவள் புதன்கிழமை திருப்பூருக்குப் போகிறாள். வியாழக்கிழமை ஜோஸ்வா வருகிறான். மறுபடி பத்தொன்பது நாள் கிடையாது. “நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்” என்கிறாள். சரி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ரெமிஜியஸ், அம்மாவுக்கு வலி எடுத்ததும் மருத்துவச்சியைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள். பூதலூர் போகிற வழியில் பெட்டிக்கடையில் பத்திரிகை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் நான் விடாமல் படிக்கிற தொடர்கதை. ஒரு பக்கம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். கதை முடியும் வரைக்கும் நின்றேன். மருத்துவச்சியோடு நான் வந்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய். அம்மா

நர்சம்மா இதுக்கு மேல சொல்லல. அழுவுறாங்க. அழுவுறத எழுதாதேன்னாங்க. இது நானா எழுதுனது.