ஹேடோவில் நின்ற பஸ்

போர்ட் பிளேர்,
மாசி, 1974

அன்புள்ள மரகதத்துக்கு,

உன்னோடு போகலாம் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட ஊர் சுற்றும் பஸ்ஸில் நேற்று நான் மட்டும் ஏறிவிட்டேன். மெயின்லேண்டிலிருந்து வந்தவர்களுக்கு வழிகாட்டி இந்தியும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டு வந்தார். ஜெயிலைப் பற்றி வெகுநேரம் பேசினார். ஹேடோ கப்பல் துறை வந்ததும், "இது வார்ஃப். இங்க பாக்க ஒண்ணும் இல்ல, சலோ," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் நிறுத்துங்க," என்றேன். கல்யாணமான புதிதில் நீ கப்பலிலிருந்து இறங்கி, "தரை ஏன் இப்படி ஆடுது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்ட இடத்தைக் காட்டினேன். எல்லோரும் இறங்கிப் பார்த்தார்கள்.

மதுரைக்கார அம்மாள் ஒருவர், "அவுக இப்ப எங்கப்பா?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போயிருக்கா. வந்திருவா," என்றேன்.

நம் பிள்ளையைப் புதைத்த இடத்தில், ஊருக்குப் போகுமுன் நீ நட்ட அரளி பூத்துவிட்டது. ஞாயிறுதோறும் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். அந்தப் பக்கம் பஸ் போகவில்லை. போயிருந்தால் நான் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த அம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். நீ கப்பலிலிருந்து இறங்கியதும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்