காய்க்காத கிளை

1974 ஏப்ரல், வெள்ளி.

அடையாறு தோட்டத்தில் நாங்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த சவுக்கு மரங்களின் விதையில் போன வருஷம் கோணல் கன்றுகளே முளைத்தன. கடற்கரைத் தோப்பின் கோணல் மரங்களிலிருந்து மகரந்தம் காற்றில் வந்து கலந்துவிடுகிறது. இந்த முறையும் அப்படியானால் ஆராய்ச்சியை நிறுத்திவிடலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அதனால் இரண்டு கிளைகளின் பெண் பூக்களுக்குக் காகிதப் பை கட்டினேன். ஒன்றில் மட்டும் நல்ல மரத்தின் மகரந்தத்தை நானே தூவினேன்.

இன்று பைகளை அவிழ்த்தேன். தூவிய கிளையில் பச்சைப் பசேலென்று காய்கள். மற்றதில் எல்லாம் கருகியிருந்தது.

குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் பாக்கியம் வேலியோரம் நின்றாள். "இன்னாம்மா, கருகிப் போய்க் கீது, நீ சிரிச்சிக்கினு கீற?"

"வெளி மகரந்தம் உள்ளே போகலைன்னு அர்த்தம், பாக்கியம்."

"அப்ப அந்தக் காய்க்கு அப்பன் யாருன்னு உனக்குக் கரெக்டா தெரியும்."

"தெரியும்."

கூடையை இறக்கிவைத்து அவளும் சிரித்தாள்.

பேராசிரியர் கருகிய கிளையைத்தான் வெகுநேரம் பார்த்தார். "அடுத்த பருவத்துக்குத் தோட்டம் முழுக்கப் பை கட்டிடலாம்மா" என்றார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் மயிலாப்பூரில் இறங்க மறந்து ராயப்பேட்டை வரை போய்விட்டேன். நடந்தே திரும்பினேன். கால் வலிக்கவேயில்லை.