ஆளில்லாத படகுச் சட்டை

அப்பா,

இன்று காலை கோட்டுச்சேரியில் பஸ் நின்றபோது உங்கள் சட்டை ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தது. கருநீலத் துணி, அதில் விரல்நகம் அளவு வெள்ளைப் படகுகள். வலது தோள்கூட உங்களுடையதைப்போல் சற்று இறங்கியிருந்தது. காரைக்கால் வரும்வரை அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது அவர் திரும்பினார். கண்ணாடி போட்ட யாரோ ஒருவர். "என்னங்க, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அந்தத் துணியை வரைந்தவள் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஈரோட்டில் துணி அச்சிடும் மில்லில் டிசைனராகச் சேர்ந்த முதல் வருஷம் அது. பொங்கல் லீவுக்கு வந்தவள், லேப்டாப்பை மடியில் வைத்துப் படகுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வலையில் சிக்கிக் கிடந்த நண்டுக் கால்களைப் பிய்த்தபடி நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"யாரு பாப்பா இதுல போயிருக்கிறது?"

"யாரும் இல்லப்பா. டிசைன்."

"ஆளில்லாத படகு மிதந்து வந்தா கரையில ஒரு வீட்டுலயும் உலை கொதிக்காதும்மா. ஒரு ஆளப் போடு."

சிரித்தேன். ஆனாலும் போட்டேன். அரிசி அளவில், சிவப்பில், குனிந்து வலை இழுக்கும் ஒரு ஆள். எல்லாப் படகிலும் அவரை ஏற்றினேன். மில்லில் சாம்பிளுக்காகச் சில மீட்டர் மட்டும் அச்சடித்தார்கள். அதில் மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி வந்து உங்களுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தேன். மீன் ஏலத்தில் நின்று, "எம் பொண்ணு போட்ட டிசைன்" என்று எல்லோரிடமும் காட்டினீர்களாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

துணி வாங்க வந்த கம்பெனிக்காரர் சாம்பிளைப் பார்த்துவிட்டு, "படகு போதும். ஆளை எடுத்துடுங்க, சுத்தமா இருக்கும்" என்றார். ஆர்டருக்குப் போகும் என் முதல் டிசைன். நான் எதிர்த்துப் பேசவில்லை. கீபோர்டில் ஒரு தட்டு. எல்லாப் படகுகளும் ஒரே நொடியில் காலியாயின. ஆள் இருந்த இடத்தில் படகின் விளிம்புக் கோடு அறுந்து நின்றது. ஒரு படகில் அந்தக் கோட்டை இழுத்துச் சேர்த்தேன். மற்ற எல்லாவற்றிலும் அது தானாகச் சேர்ந்துகொண்டது. உங்களிடம் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் காரைக்கால் கடைத்தெருவிலிருந்து போன் செய்தீர்கள்.

"பாப்பா, இங்க கடையில உன் சட்டை தொங்குது. ஆளெல்லாம் எங்கம்மா போனாங்க?"

"எல்லாரும் கரையேறிட்டாங்கப்பா" என்றேன், விளையாட்டாக.

"அப்பச் சரி" என்றீர்கள்.

கார்த்திகையில், எப்போதும் உங்களோடு கடலுக்கு வரும் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். நண்டு வலை எடுக்க நீங்கள் தனியாகப் போனீர்கள், நான் கொடுத்த அந்தச் சட்டையோடு. மறுநாள் படகு மட்டும் வந்தது. கவிழ்ந்த அடையாளம் இல்லை. எஞ்சின் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருந்தது. வலை ஒழுங்காக மடிந்து கிடந்தது. பாட்டிலில் பாதித் தண்ணீர். எழுந்து எங்கோ நடந்து போனவரைப்போல் நீங்கள் இல்லை. ஈரோட்டிலிருந்து ஓடிவந்த என் கையை அம்மா பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கைதானேடி ஆளில்லாப் படகா வரைஞ்சிச்சு?"

அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பொழுது சாயும்போதெல்லாம் கரையில் போய் நின்றாள்.

பன்னிரண்டாம் நாள், தெற்கே ஓர் ஊரில் உடல் ஒதுங்கியிருப்பதாகப் போலீஸ் கூப்பிட்டது. அடையாளம் சொல்ல முகம் இல்லை. உயரம் உங்கள் உயரம். சட்டை கருநீலம், வெள்ளைப் படகு. சித்தப்பா அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா வெளியே மரத்தடியில் இருந்தாள்.

ஒரு தட்டில் வைத்துச் சட்டையை என்னிடம் நீட்டினார்கள். கையுறை போட்டுக்கொண்டு விரித்தேன். ஒரு படகிலும் ஆள் இல்லை. உப்பில் சிவப்பு கரைந்திருக்குமோ? வெயில் படாத காலரின் அடிப்பக்கம் பார்த்தேன். பைக்குள் பார்த்தேன். உங்கள் சட்டை தைத்த சாம்பிள் துணியில் ஆள் இருக்கும் இடத்தில் விளிம்புக் கோடு இருக்காது. இங்கே ஒவ்வொரு படகிலும் கோடு அறுபடாமல் ஓடியது. நான் இழுத்துச் சேர்த்த கோடு.

இல்லை என்று நான் தலையசைத்ததும் சித்தப்பா என் காதருகே வந்தார். "ஆமான்னு சொல்லிடு பாப்பா. நான் போயிருந்தா அவரு தனியாப் போயிருக்க மாட்டாரு. உங்க அம்மா தெனம் போயி நிக்கிறா. எதையாவது எடுத்துக்கிட்டுப் போயி காரியத்த முடிப்போம்."

எனக்கும் ஆமாம் என்று சொல்லத்தான் இருந்தது. ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் போர்த்திய துணிக்கு அடியில் கிடந்தவருக்கும் ஒரு வீடு இருக்குமே அப்பா. அங்கேயும் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாளே.

"இது எங்கப்பா சட்டை இல்ல சார்."

"புகார்ல நீங்க எழுதிக் கொடுத்த மாதிரியேதானம்மா இருக்கு?"

"இந்த மாதிரி ஆயிரக்கணக்குல இருக்கு சார். நான்தான் வரைஞ்சேன்."

போலீஸ்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மரத்தடிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

அந்த வாரமே ஒரு பெண் போன் செய்தாள். போலீஸிடம் என் எண்ணை வாங்கினாளாம். அவள் வீட்டுக்காரர் தீபாவளிக்கு எடுத்த சட்டையாம் அது. நான் ஸ்பீக்கரில் போட்டேன். அடுப்படியில் அம்மா நின்றிருந்தாள்.

"நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா நான் இன்னும் கரையிலதாங்க நின்னுக்கிட்டு இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதாள். போன் அணைந்தது. அம்மா வந்து எனக்குச் சோறு போட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு பேசினாள்.

"நீ சொன்னது சரிதான். ஆனா நான் நிக்கிறேனேடி."

அன்று சாயங்காலம் அவளோடு நானும் போய் நின்றேன்.

ஊர்ப் பெரியவர்கள் சொன்னபடி மாசியில் உங்களுக்குக் காரியம் செய்தோம். சித்தப்பா தலை முழுகினார். படம் மாட்டினோம். அம்மா பொட்டை அழித்துக்கொண்டாள். எல்லாம் முறைப்படி நடந்தது.

போன வாரம் வேறொரு கம்பெனியில் வேலைக்காக என்னை நேர்காணல் செய்தார்கள். என் டிசைன்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் அங்கே இருந்த மேடம் கேட்டார்கள், "அப்பா என்ன பண்றாங்க?" என்று.

"கடலுக்குப் போயிருக்காங்க" என்றேன்.