இன்ஜினுக்குச் சாத்திய பட்டு

ஆடி 14, புதன் இரவு

ஞாயிற்றுக்கிழமை பாரம்பரிய ரயிலை இழுக்க வேண்டிய பழைய டீசல் இன்ஜினுக்கு நான்தான் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் பம்ப் மாட்டியிருந்தேன். இன்று ஷெட்டில் கற்பூரம் காட்டி, எலுமிச்சை நசுக்கிக் கிளப்பினோம். கொஞ்ச நேரத்தில் சூடேறி நின்றுவிட்டது.

"பம்பை ஒழுங்கா மாட்டினியாம்மா?" என்றார் ஃபோர்மேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒழுங்காகத்தான் மாட்டினேன்.

பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். ரேடியேட்டருக்குக் காற்று போகும் கம்பிகளை ஒரு பட்டுத்துணி அடைத்துக்கொண்டு கிடந்தது.

"என்னாண்ணா இது?"

வெல்டர் ஏகாம்பரம் அண்ணன் விழித்தார். "பூஜை போட்டுக்கினு பட்டு சாத்தாம எப்டிம்மா? எங்க வீட்டுத் தறியில நெய்ஞ்சது."

துணியை எடுத்தோம். மறுபடி கிளப்பியதில் சாயங்காலம் வரை ஓடியது. பம்பில் ஒரு சொட்டுக் கசிவில்லை.

கேட்டது தப்பு என்று ஃபோர்மேன் சொல்லவேயில்லை. அதுதான் உறுத்துகிறது. ஆனால் கிளம்பும்போது துணியை என் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை நீயும் இன்ஜின்ல வாம்மா. இத எங்க கட்டணும்னு உனக்குத்தான் தெரியும்."

அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். டீசல் வாசனை போகவில்லை. இருக்கட்டும்.